ஹெரால்டைச் சுட்டது குறித்தும், நான்காம் பக்கத்து எண்கள் குறித்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி ஹில்மா ஓயலா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் முதல் பனியை நலமாகக் கடந்திருப்பீர்கள் என்றும், தங்கள் வண்டி காலையில் சாவியின் ஒரே திருகில் கிளம்புகிறது என்றும் நம்புகிறேன். நான் கிழக்கு ஏரிச் சாலையில் வசிக்கும் ஆர்விட் நியமேலா, ஓய்வுபெற்ற நில அளவையாளன். தங்கள் பத்திரிகையில் ஒரு பிழை நேர்ந்திருப்பதாக நினைக்கிறேன். பிழை என்னுடையதாகவும் இருக்கலாம். மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சென்ற இதழின் நான்காம் பக்கத்தில், நம் மாநிலச் சட்டமன்றத்தின் முன் இருக்கும் இரண்டு மசோதாக்களை ஒரே கட்டத்துக்குள் போட்டிருந்தீர்கள். வேட்டையாடிய மானை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கத் தவறினால் விதிக்கும் அபராதத்தைக் குறைப்பது ஒன்று. மனம் சரியில்லாதவர்கள் அழைத்துப் பேசும் நம் மாவட்டத் தொலைபேசிச் சேவைக்கு நிதியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பது மற்றது. அடியில் மானைத் தெரிவிக்கவும் அந்தச் சேவையை அழைக்கவும் உரிய தொலைபேசி எண்கள். அவை இடம் மாறி அச்சாகியிருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான ஊகம். ஏனெனில் புதன்கிழமை நான் ஹெரால்டைச் சுட்டேன். ஹெரால்ட் என்பது மான். மரத்தில் கட்டிய கேமராவில் அடிக்கடி தென்படும் கொம்பு மானுக்கு எல்லோரும் பெயர் வைப்பதுபோல், மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி லெம்பி வைத்த பெயர். விவரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, மானுக்கென்று போட்டிருந்த எண்ணைச் சுழற்றி, "ஹெரால்டைச் சுட்டுட்டேங்க" என்று ஆரம்பித்தேன். எதிர்முனையில் ஒரு பெண்மணி, டெனீஸ் என்று பெயர், அவசரமாகக் கேட்டார்: "சார், நீங்க பத்திரமா இருக்கீங்களா?" "இருக்கேம்மா. சாக்ஸ்தான் நனைஞ்சு போச்சு." "ஹெரால்டுக்கு உயிர் இருக்கா?" "ஷெட்ல தலைகீழா தொங்குறான். குடலைக் காட்டுலயே எடுத்துட்டேன், அதானே சுத்தம்." "துப்பாக்கி எங்க சார்?" "துடைச்சுப் பூட்டிட்டேன்." "ஹெரால்ட் உங்களுக்கு என்ன வேணும்?" இப்படியும் ஒரு கேள்வி படிவத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என்று நினைத்து, உண்மையைச் சொன்னேன். "மூணு வருஷப் பழக்கம். என் வீட்டுக்காரிக்கு அவன்மேல ரொம்பப் பிரியம்." "ஓ… அதனாலதான் சுட்டீங்களா?" "அதுக்கில்லம்மா, லைசென்ஸ் இருந்துச்சு."

கொம்பில் எட்டு முனை என்று நான் தாளில் இருந்ததைப் படித்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. அதற்குள் அவர் கொடுத்த தகவலில், மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃபின் ஆள் வாசலில் வந்து நின்றுவிட்டார். அவரை ஷெட்டுக்கு அழைத்துப்போய் ஹெரால்டைக் காட்டினேன். அவர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் தோள் குலுங்கச் சிரித்தார். சுடும்போது உடனிருந்த பக்கத்து வீட்டு ரூடி கங்காஸ் வேலிக்கு மேலாகக் கத்தினார்: "யோவ் ஆர்விட், சாலையில ஒரு மைல்கூட வேகம் தாண்டாத ஆளு நீ! உன்னைப் பிடிக்கப் போலீஸ் வந்துச்சுன்னா எனக்குல்லய்யா பெருமை!"

உள்ளே வந்தால், மேஜைமேல் கிடந்த தொலைபேசியில் டெனீஸ் இன்னும் காத்திருந்தார். "நம்பர் தப்பாவே இருக்கட்டும் சார். வீட்டுக்காரிக்குப் பிரியம்னு சொன்னீங்களே, அவங்க இருக்காங்களா?" ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன். அப்புறம் நாற்பத்தேழு நிமிடம் பேசியிருக்கிறேன், சமையலறைக் கடிகாரப்படி. தங்கள் பத்திரிகையின் குறுக்கெழுத்தில் லெம்பி இடமிருந்து வலம் போடுவாள், நான் மேலிருந்து கீழ். ஏப்ரலிலிருந்து முப்பத்தோரு வாரத்துப் புதிர்கள் பாதிப் பாதியாகக் கிடக்கின்றன. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரூடி நல்ல மனிதர்தான். ஆனால் நாங்கள் சந்தித்தால் பனி, மான், ட்ரக் பேட்டரி, இந்த மூன்றும் தீர்ந்ததும் "சரி, அப்ப பாப்போம்" என்று கிளம்பிவிடுவோம்.

இதில் என் சங்கடம் என்னவென்றால், செப்டம்பர் இதழ் ஒன்றில் "ஃபோனில் பேசுவதற்கு அரசுப் பணம் எதற்கு? நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்" என்று ஒரு கடிதம் வந்ததே, அதை எழுதியவன் நான்தான். நம் தொகுதி உறுப்பினர் அதை எடுத்துக்காட்டிப் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். வாக்கெடுப்பு இன்னும் பத்து நாளில். அதற்குள் அந்தக் கடிதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாக, என் முழுப் பெயரோடு, தயவுசெய்து போடுங்கள். எண்களுக்கும் ஒரு திருத்தம் போட்டால் மற்றவர்கள் வீட்டுக்கு ஷெரிஃப் வரமாட்டார்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் பனிக்காலம் முடியும்வரை எங்கும் வழுக்காமல் நடக்க வாழ்த்தும்,
ஆர்விட் நியமேலா

பி.கு.: உறையை ஒட்டும் முன் நான்காம் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண்கள் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. தவிர, ஹெரால்டைப் பற்றி அன்று காலை பத்தேகாலுக்கே கணினி வழியாகத் தெரிவித்துவிட்டிருக்கிறேன். ஒப்புகைத் தாள் ஃபிரிட்ஜ் கதவில், நான் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. டெனீஸை அழைத்தது மதியம் இரண்டு மணிக்கு. அவர் குரலைக் கேட்டதும் வேறெப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. ஆகவே எண்களுக்குத் திருத்தம் வேண்டாம். டெனீஸின் அந்த எண்ணை மட்டும் இன்னொரு முறை போடுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில்.