கறை கண்டால் உத்திராபதி

உங்கள் வீட்டில் ஏதாவது கொட்டட்டும். காப்பியோ, எண்ணெயோ, மருதாணியோ, பேரக்குழந்தையின் உபயமோ, எதுவானாலும் சரி. கொட்டியது தரையைத் தொட்ட அடுத்த நிமிஷம், "தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வருவார். அவர்தான் கறை நிபுணர். பஸ் நிற்காத ஊர் உண்டு, டாக்டர் தங்காத ஊர் உண்டு. இந்த இனம் இல்லாத ஊர் கிடையாது.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். கறையைக் கண்டால் நமக்கு முகம் சுருங்கும், இவருக்கு மலரும். இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்ப்பார். மோந்து பார்ப்பார். கொட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்பார். நீங்கள் என்ன பதில் சொன்னாலும் உச்சுக் கொட்டி, "அஞ்சு நிமிசம் முன்னாடி கூப்ட்டிருந்தா அடையாளமே தெரியாம எடுத்துருப்பேன்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே சொல்லி வைத்துக்கொள்வதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. பிறகு என்ன நாசம் நடந்தாலும் பழி அந்த ஐந்து நிமிஷத்தின் மேல் விழும், இவர் மேல் விழாது.

சரி, தேய்ப்பது யார்? இவரா? நன்றாய்க் கேட்டீர்கள்! தேய்ப்பது எப்போதும் அந்த வீட்டுப் பெண்கள். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திசை சொல்வார். மைக் கறைக்குப் பால், பால் ஊற்றிய நாற்றத்துக்கு வெந்நீர், வெந்நீர் விட்ட வட்டத்துக்கு முகத்துக்குப் போடும் பவுடர், பவுடர் படிந்த வெள்ளைக்கு மறுபடியும் பால் என்று இவரிடம் வைத்தியம் சுற்றிச் சுற்றி வரும். எல்லாம் செல்போனில் பார்த்துக் கற்ற வித்தை. அதிலும் பாதி வீடியோதான் பார்த்திருப்பார், அதற்குள் யாராவது போன் செய்திருப்பார்கள்.

எங்கள் செஞ்சியில் இந்த இனத்தின் பிரதிநிதி உத்திராபதி. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடையை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறாள். இவர் ஊரார் வீட்டுக் கறைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

போன மாசி மாதம் எங்கள் தெரு மகாலட்சுமி தன் மகள் மஞ்சுவுக்கு வளைகாப்பு வைத்தாள். வந்தவர்களை உட்காரவைக்கப் பக்கத்துப் போர்ஷன் ஜானகியிடம் ஒரு கார்பெட் இரவல் வாங்கியிருந்தாள். சந்தன நிறம், கால் வைத்தால் புதையும். ஜானகியின் மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. இதில் கார்பெட் பெரிய விஷயமில்லை. இரண்டு போர்ஷனுக்கும் பொதுவான மொட்டைமாடியில் ஒரே ஒரு கொடிக்கம்பி. அதில் யார் துணியை முதலில் காயப்போடுவது என்று தொடங்கிய சண்டையில் இந்த இரண்டு பெண்களும் மூன்று வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். ஒருத்தி வாசல் பெருக்கினால் மற்றவள் கதவைச் சாத்துவாள். மஞ்சு மாசமாயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஜானகி தானாக வந்து பேசினாள். பேசிய கையோடு, "கார்பெட் வேணுமாக்கா?" என்றும் கேட்டாள். ஆக அங்கே விரித்திருந்தது கார்பெட் இல்லை, சமாதானம்.

அதன் மேல்தான் சாம்பார் வாளி கவிழ்ந்தது.

ஜானகி அப்போது வீட்டில் இல்லை. வளைகாப்புக்கு வந்து வளையல் போட்டுவிட்டு, அனந்தபுரத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பிவிடுவாள். மகாலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "மூணு வருசம் கழிச்சு இப்பதான் வாயத் தொறந்தா. இத்தப் பாத்தா ஜென்மத்துக்கும் பேசமாட்டா" என்றாள். பாத்திரம் தேய்க்க வந்திருந்த காத்தாயி, "மேலாக்க வழிச்சி எடுத்துட்டு, தண்ணில அலசி வெயில்ல போடும்மா. மஞ்சக் கறை வெயிலுக்கு நிக்காது" என்றாள். கொளுத்துகிற வெயில், கோட்டை மலைப் பாறையெல்லாம் தகித்துக்கொண்டிருந்தது. போட்டிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும்.

பந்தியில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த உத்திராபதி இலையோடு எழுந்துவிட்டார். "வெயில்லயா? இது இன்னா வடாமா? சும்மா இரு நீ."

வந்தார். குனிந்தார். மோந்தார். ஐந்து நிமிஷ வசனத்தைச் சொன்னார். முதலில் பற்பசை. பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ். சாம்பார் நாரோடு நாராய் உள்ளே இறங்கியது. "எறங்கினா நல்லதுதான், கெளம்பி வரும்" என்றார். பிறகு கடைத்தெருவிலிருந்து சலவை சோடாவும் துணி சோப்பும் வரவழைத்தார். "நல்லா கெட்டியா கரைச்சு ஊத்தி அழுத்தித் தேய்ம்மா. நான் சொல்றேன் இல்ல?"

மகாலட்சுமி தேய்த்தாள். மஞ்சள் போயிற்று. ஆமாம், உண்மையாகவே போயிற்று. போய், ரத்தச் சிவப்பாக மாறிற்று.

அந்தக் கூடத்தில் இருபது பேர் இருந்தோம். அன்று காலையில்தான் அதே கூடத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்து, அது சிவந்ததைப் பார்த்து, அந்த ஆரத்தியை மஞ்சுவுக்குச் சுற்றிக் கொட்டினோம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டாலும் சோடா பட்டாலும் சிவக்கும் என்பது இங்கே பொட்டு வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிபுணர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே போய்விடுகிறது? நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். இன்னமும் வெட்கமாயிருக்கிறது.

"இது சாம்பார் இல்ல. கார்பெட்டு சாயம் போவுது. மட்டமான சரக்கு" என்றார் உத்திராபதி.

அந்த நேரம் பார்த்து, சாவு வீட்டிலிருந்து வந்து தலைமுழுகிய ஈரத்தோடு வாசலில் ஜானகி. மகாலட்சுமி எழுந்து நின்றாள். கையில் சோப்பு நுரை சொட்டியது. "ஜானகி, சாம்பார் கொட்டினது நானு. என்னத் திட்டிக்க. ஆனா இந்த செவப்பு..." என்று நிறுத்தி, நாற்காலியைக் கை காட்டினாள்.

ஜானகி கார்பெட்டைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். "இவரையா கூப்ட்டீங்க? போன தீவாளிக்கு எங்க சுவத்துல எண்ணெக் கறைய எடுக்கறேன்னு வந்தாரு. கறை இருக்குது, சுவருதான் ஒரு சாண் காணோம்!"

மகாலட்சுமிக்கு முதலில் விக்கல் மாதிரி வந்தது, பிறகு அடக்கமுடியாத சிரிப்பு. ஜானகியும் சிரித்தாள். "அண்ணா, கொஞ்சம் எழுந்திரு, நாற்காலி கறையாய்டப் போவுது" என்றாள். காத்தாயி கார்பெட்டை நல்ல தண்ணீரில் நாலு முறை அலசிக் கொடுக்க, அதன் இரண்டு முனையை மகாலட்சுமியும் இரண்டு முனையை ஜானகியும் பிடித்து மாடி ஏறி, அதே கொடிக்கம்பியில் போட்டார்கள். பிறகு இறங்கி வரவே வெகு நேரமாயிற்று. மூன்று வருஷப் பாக்கிப் பேச்சு.

நாலு நாள் வெயிலில் கறை போய்விட்டது. உத்திராபதி போகவில்லை. "கடைசியா வெயில்ல போடச் சொன்னது யாரு?" என்று தன் நெஞ்சைத் தட்டிக் கடைத்தெருவில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் படித்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அது சிவந்தது என்று படித்தபோது, "அடடா, எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தால் திரும்ப மஞ்சளாகியிருக்குமே" என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டதென்றால், அடுத்த முறை பக்கத்து வீட்டில் ஏதாவது கொட்டும் சத்தம் வரும்போது, தயவுசெய்து கதவை உட்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டிலேயே இருங்கள்.