விதுஷாவின் அட்டைக் கட்டுரையும் என் போன் பறிபோன கதையும்

அப்புத்தளை,
வியாழக்கிழமை

மடுல்சீமையில் இருக்கும் என் பாசமுள்ள பெரியாயி அக்காவுக்கு,

தம்பி அழகையா கும்பிட்டு எழுதுவது. நானும் ஜெயலெட்சுமியும் மகள் விதுஷாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் இந்த மழைக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். தபாலில் கடிதம் வந்ததைப் பார்த்து, யாரோ போய்விட்டார்கள் என்று அழ ஆரம்பித்துவிடாதீர்கள். போனது என் போன் மட்டும்தான். விதுஷா பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

விஷயம் இதுதான். பதுளைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள் அல்லவா, அவள் கொஸ்லந்த தோட்டங்களில் மழையில் அலைந்து ஒரு ஆராய்ச்சி செய்தாள். கொழுந்தெடுக்கும் பொம்பளைகளின் காலில் ரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமல் இருக்க என்ன பூசலாம் என்று. கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. இணையத்தில் அதன் பக்கத்தில் ஒரு வண்ண வளையம், நடுவில் ஒரு எண். எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காட்டுமாம். எண் ஒன்று. அந்த ஒன்றும் அவளே போட்டது. பெற்ற வயிறு பொறுக்குமா? ஜெயலெட்சுமி பொறுத்துக்கொண்டாள், எனக்குத்தான் முடியவில்லை.

ஸ்டேஷன் பக்கத்துத் தையல்கடை ஜுனைதீனிடம் போனேன். அவர் மலையில் மூடுபனி இறங்குவதைப் படம்பிடித்துப் பேஸ்புக்கில் போட்டு, ஊரெல்லாம் பேர் வாங்கியவர். "வெறும் இங்கிலீஷு கட்டுரைய யாரு பாப்பாங்க அண்ணே? படம் வேணும். காலக் காட்டுங்க" என்றார். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தேயிலைக்குள் நின்றேன். மற்ற நாளில் கூப்பிடாமலே வரும் சனியன்கள் அன்றைக்கு என்னைக் கண்டுகொள்ளவேயில்லை. நனைந்து நடுங்கிய பிறகுதான் மூன்று வந்து கெண்டைக்காலில் ஒட்டின. அந்த வழியாக வந்த ஜெயலெட்சுமி, "பென்சன் எடுத்த மனுசன் செய்யிற வேலையாங்க இது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா, கட்டுரையின் இணைப்போடு ஜுனைதீன் பேஸ்புக்கில் போட்ட அந்தப் படம் காட்டுத்தீ மாதிரிப் பரவியது! கட்டுரையை ஒருவரும் திறக்கவில்லை. எல்லோரும் என் காலைத்தான் பார்த்தார்கள். "இவருக்குச் சீனி வியாதி இருக்கும் போல" என்று ஒருவர். அட்டை எண்ணெய் பூசினால் முடி வளரும் என்று இன்னொருவர். அதை நம்பி வெலிமடையிலிருந்து ஒரு வழுக்கைத்தலை ஐயா வேன் பிடித்து வந்துவிட்டார். மறுநாள் ஒருவர் ஜாம் போத்தல் நிறைய அட்டையோடு வந்து, "கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்றார். போத்தல் கை நழுவி முன்னறையில் உடைந்தது. ஜெயலெட்சுமி மேசை மேல் ஏறியவள், சாப்பாட்டு நேரம் வரை இறங்கவில்லை. ஆனால் வளையத்தில் எண் முந்நூறைத் தாண்டிவிட்டது! நான் லயத்து வீடுகள் முழுக்க லட்டு கொடுத்தேன்.

விதுஷா வந்ததும், "அப்பா, மேற்கோள் எத்தனன்னு தெரியுமா? சைபர்" என்றாள்.

"முந்நூறு பேரு பேசுறாங்களேம்மா!"

"பேசுறது வேறப்பா. இன்னொருத்தர் ஆராய்ச்சி எழுதுறப்ப என் கட்டுரையப் படிச்சு, அதுல என் பேரப் போடணும். பதவி உயர்வுக்கு அதத்தான் பாப்பாங்க."

"அப்ப ஜுனைதீன ஒரு ஆராய்ச்சி எழுதச் சொல்லட்டுமா?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். அந்த இடைவெளியில் அவளுடைய பேராசிரியர்களின் நம்பர்களைத் தேடி எடுத்து, எல்லோருக்கும் என் கால் படத்தை அனுப்பி, 'தயவுசெய்து மேற்கோள் காட்டவும்' என்று எழுதினேன். போன் அப்போதுதான் பறிபோனது. ஆறு மாதமாகிவிட்டது.

போன வாரம் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். நெதர்லாந்தில் ஒருவர், இணையப் பேச்சுக்கும் மேற்கோளுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஊரே பேசியும் ஒரு மேற்கோள்கூட வராத கட்டுரைக்கு உதாரணமாக விதுஷாவுடையதைக் காட்டியிருக்கிறார். "நம்ம மானத்த வாங்கிட்டானேம்மா!" என்று கத்தினேன். "ஐயோ அப்பா, எதுக்குப் பேரப் போட்டாலும் அது மேற்கோள்தான். இப்ப எனக்கு ஒண்ணு வந்திருச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கையோடு வாங்கினாள் ஒரு சத்தியம்: இனி அவள் ஆராய்ச்சிப் பக்கமே நான் தலைவைக்கக் கூடாது. ஊர்ச் சத்தத்தால் படிப்புக்குப் பிரயோசனமில்லை என்று எனக்கும் விளங்கிவிட்டது. ஆகவே அக்கா, அந்தப் படம் உங்களிடம் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
புத்தி வந்த தம்பி,
அழகையா

பி.கு.: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். படத்தை அழிக்காதீர்கள்! அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரம்மா, என் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கட்டுரையைத் திறந்தாராம். அதே பூச்சை அங்கே சோதித்து, தன் கட்டுரையில் விதுஷா பேரை நாலு இடத்தில் போட்டிருக்கிறார். சேர்ந்து வேலை செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார். விதுஷாவே போனை எடுத்துத் தந்துவிட்டாள். அடுத்தது மாட்டு உண்ணி பற்றி எழுதப் போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை நானும் ஜுனைதீனும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். அதுவரைக்கும் உங்கள் பசுவைக் குளிப்பாட்டிவிடாதீர்கள்.