எண்ணெய்க் கொம்பனியை நிற்கவைத்த தம்பிராசா

“உந்த எண்ணெய்க் கொம்பனிக்காரனை என்ரை முன்னாலை நிண்டபடி பதில் சொல்ல வைக்காட்டி, என்ரை பேர் தம்பிராசா இல்லை!”

கொழும்புத்துறைச் சந்தித் தேநீர்க்கடையில் இந்தச் சபதம் எடுக்கப்பட்டபோது தம்பிராசாவின் கையில் இரண்டாவது வடை இருந்தது. சபதத்தின் வேகத்தில் அதில் பாதி மேசைக்குக் கீழே போய்விட்டது. அங்கிருந்தவர்கள் அதைத் தியாகமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். மகஜர்த் தலைவர் என்பது இதன் பெயர். பாலம் உடைந்தாலும், பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வராவிட்டாலும், மாடு தண்டவாளத்தில் படுத்தாலும் இவர் ஒரு குழு அமைப்பார். குழுவுக்குப் பெயர் வைப்பார். பெயருக்குக் கடிதத்தலைப்பு அடிப்பார். தலைப்புக்குப் பொருத்தமாக ஒரு வட்ட முத்திரை செய்விப்பார். அதைக் குத்தி, மகஜர் என்று ஒரு கோரிக்கை மனு எழுதுவார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, இனி எதிரி பாடு திண்டாட்டம்தான் என்று பெருமூச்சு விடுவார். எதிரிக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாது. அதுதான் மகஜரின் இரகசிய பலம்.

இந்தமுறை எதிரி பெரிய ஆள். கடற்கரையோரம் எண்ணெய்த் தாங்கி கட்டியிருந்த கொம்பனி. ஒரு வியாழன் மத்தியானம் தாங்கி வெடித்தது. வேலைத்தலத்தில் நின்ற மூன்று பேர் வீடு திரும்பவில்லை. கடல் ஒரு மாதம் கறுத்துக் கிடந்தது. எண்ணெய் பிடித்த நண்டு வலைகளை எரிக்கத்தான் முடிந்தது. கொம்பனியோ நாலே வரியில் அறிக்கை விட்டது: யாகப்பு என்ற ஊழியர் தாங்கிக்கு அருகில் பீடி பற்றவைத்ததே விபத்துக்குக் காரணம், கொம்பனி ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கிறது.

யாகப்பு செத்தவர்களில் ஒருவர். வெற்றிலை போடுவார், சீட்டு விளையாடுவார், பூசையில் தாளம் தப்பிப் பாடுவார், பீடியைத் தொட்டதில்லை. வால்வு ஒழுகுது, வால்வு ஒழுகுது என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிச் சொல்லி, அவர் கேட்காதபடியால் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையிடமும் சொன்னவர். இதெல்லாம் அவர் மனைவி லூர்த்தம்மாவுக்குத் தெரியும். ஆனால் அறிக்கையை நம்பிய மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் கோயிலில் அவளைக் கண்டால் எழும்பி வேறு வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார்கள். லூர்த்தம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பீடி என்று எழுதினவன் வந்து, இல்லை என்று சொல்லவேண்டும்.

அவள் தம்பிராசாவிடம் வந்தாள். தம்பிராசா மகஜர் எழுதினார்.

குழுச் செயலாளர் சுவர்ணா, கணக்குப் படிப்பிக்கும் ரீச்சர், அதைச் சபையில் வாசித்தாள். “‘கனம் ஐயா, தங்களது மேலான தாங்கி வெடித்தமையை மிகத் தாழ்மையுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதோடு…’ அண்ணை, மூண்டு பேரின்ரை உயிரெடுத்த தாங்கிக்கு என்னத்துக்கு ‘மேலான’?”

“பிள்ளை, அது கடித ஒழுங்கு. கோவத்தையும் ஒழுங்காத்தான் காட்டவேணும்.”

பின்வரிசையிலிருந்து எமில்ராஜ் எழும்பினான். வலை எரிந்தவன், வாய் எரியாதவன். “அப்ப தாங்கிக்கு ஒரு பொன்னாடையும் போத்துவமோ அண்ணை? மிச்சமிருக்கிற இரும்பு கிடந்து குளிருது.”

“உவனை இருத்துங்கோ!” என்றார் தலைவர்.

“அண்ணை, பீடி விசயம் எழுதினியளோ?” என்று கேட்டாள் லூர்த்தம்மா.

“ஏழாம் பந்தியிலை வரும் தங்கச்சி.”

முதல் மகஜர் ஆறு பந்தியோடு முடிந்துவிட்டது. கடதாசியின் மிச்சம் முழுவதையும் பிரதிகளின் பட்டியல் பிடித்துக்கொண்டது: ஜனாதிபதிக்கு ஒன்று, ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒன்று, பாப்பரசருக்கு ஒன்று, ஒரு நடுநிலைக்காக நல்லூர் முருகன் கோயிலுக்கு ஒன்று. இரண்டாம் மகஜரில் பீடி பின்னிணைப்புக்குப் போனது. மூன்றாவதில் பின்னிணைப்பை இணைக்க மறந்தார்கள்.

ஆனாலும் கையளிப்பில் ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் மகஜரை எழுதுவது சும்மா, கையளிப்பதுதான் விசயம். படம் எடுக்கும்போது கடதாசியில் ஒரு விரலாவது படாதவன் போராடாதவன். ஐந்தாம் மகஜரைக் கையளித்த அன்று பதின்மூன்று விரல்கள் அதைப் பிடித்திருந்தன. வாங்க வந்த அதிகாரி இழுத்துப் பார்த்தார், வரவில்லை. படம் எடுத்து முடிந்த பிறகும் சிலர் விடவில்லை. கடைசியில் அதிகாரியின் பங்குக்குக் கீழ்ப்பாதி கிடைத்தது. முத்திரை அந்தப் பாதியில் இருந்தபடியால் தம்பிராசா திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

எப்படியோ, ஐந்து மகஜராலோ அல்லது ஐந்தையும் மீறியோ, ஒரு விசாரணை வந்துவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் எங்கள் சனசமூக நிலையத்திலேயே அமர்வு வைப்பார். கொழும்பிலிருந்து கொம்பனியின் முகாமையாளர் நேரில் வருவார் என்றார்கள்.

விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம் குழு கூடியது. தம்பிராசாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். தீர்மானத்தை அவரே எழுதி, அவரே முன்மொழிந்தார்: “முகாமையாளர் வரேக்கை இந்த மண்டபத்திலை ஒரு குஞ்சு குருமனும் எழும்பப்படாது. அவருக்குக் கதிரையும் குடுக்கப்படாது. வரேக்கை நிண்டவர், போகுமட்டும் நிக்கவேணும்!”

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. லூர்த்தம்மாகூடச் சிரித்தாள். வெடிப்புக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

இங்கே தம்பிராசாவின் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்துமூன்று வருடம் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். பதினொரு மேலதிகாரிகள் வந்து போனார்கள். பதினொரு பேருக்கும் எழும்பி நின்றார். அந்தக் கந்தோரில் காற்றுக்குக் கதவு திறந்தாலே பாதிப்பேர் எழும்பிவிடுவார்களாம். மனம் ஓய்வூதியம் எடுத்துவிட்டது. முழங்கால் இன்னும் சேவையில் இருக்கிறது.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. நீதிபதி மேசைக்குப் பின்னால் இருந்தார். பத்தே காலுக்கு முகாமையாளர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து, கக்கத்தில் ஒரு கோப்பு. ஒருவரும் அசையவில்லை. எமில்ராஜ் ஒருபடி மேலே போய்க் காலுக்கு மேல் கால் போட்டான். முகாமையாளர் இடமும் வலமும் பார்த்தார். வெறுங்கதிரை இல்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடு மண்டபத்தில் நின்றார், பரீட்சைக்குப் பிந்தி வந்த பெடியனைப் போல.

நீதிபதி லூர்த்தம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்: “என்ரை மனிசன் பீடி பத்தவைச்சவர் எண்டு எழுதினியள். ஆர் கண்டது?”

முகாமையாளர் கோப்பைத் திறந்தார். அந்தச் சமயத்தில் முன்வரிசையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை ‘கிரீச்’ என்றது.

“சேர், இருங்கோ சேர்,” என்றது ஒரு பணிவான குரல்.

சுவர்ணா கண்ணை மூடிக்கொண்டாள். முகாமையாளர் நன்றியோடு அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் குரல் தெளிந்தது, கம்பீரம் திரும்பியது. “இது தொழில்நுட்ப ரீதியான ஒரு கேள்வி. விரிவாகப் பார்த்தால்…”

“எழும்புங்கோ ஐயா,” என்றாள் லூர்த்தம்மா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “அவர் உங்கடை தாங்கிக்குப் பக்கத்திலை நிண்டபடி செத்தவர். நீங்கள் அஞ்சு நிமிசம் நிண்டு சொல்லலாம்.”

முகாமையாளர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தம் பேனாவைப் பார்த்தார். முகாமையாளர் எழும்பினார்.

“ஆர் கண்டது?”

“ஒருவரும் காணவில்லை.”

“அப்ப பீடி எங்கையிருந்து வந்தது?”

“அது… கொம்பனியின் ஊகம்.”

“வால்வு ஒழுகுதெண்டு அவர் சொன்னது உங்கடை கொப்பியிலை இருக்கோ?”

கோப்பில் தாள்கள் புரண்டன. “மூன்று தடவை பதிவாகியிருக்கிறது.”

“திருத்தினியளோ?”

“இல்லை.”

நீதிபதி எழுதினார். பின்வரிசையிலிருந்து மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து, லூர்த்தம்மாவின் வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எமில்ராஜ் போட்ட விசிலுக்கு நீதிபதி கண்டிப்பாக இருமினார். கண்டிப்பு அவ்வளவாகத் தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். ஆனால் இதை வாசிக்கும்போதே உங்கள் வாசலில் ஒரு பெரிய வாகனம் வந்து நின்று, அதிலிருந்து ஒரு பளபளக்கும் சப்பாத்து இறங்கினால், உங்கள் முழங்கால் யார் பேச்சைக் கேட்கும் என்று நிச்சயமாகச் சொல்வீர்களா? சும்மா கேட்டேன். நீங்கள் இருங்கோ, எழும்பவேண்டாம்.

விசாரணை பின்னேரம் வரை நடந்தது. முகாமையாளர் நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் அந்தக் கதிரை வெறுமையாகவே இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், ஒரு பெரியவர் நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று கையைக் கட்டிக்கொண்டு, தம்பிராசா நின்றுகொண்டிருந்தார்.