காய் என்று கையெழுத்தான பலா

கோட்டயத்திலுள்ள எங்கள் அலுவலகத்தார் அனைவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழவேண்டும் என்னும் உன்னத நோக்கத்தோடு ஒரு சுற்றறிக்கை வெளியானது. மதியத் தட்டில் மூன்று பங்கு காய், ஒரு பங்கு பழம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பழம் அறவே கிடையாது. எழுதியவன் அடியேன்தான். அந்த வாரம்தான் டாக்டர் ஈப்பன் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் இன்னும் ஏறினா தினம் ஊசிதான் சாரே" என்று மிரட்டியிருந்தார். ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும். தனியாக நாக்கைக் கட்டவும் தைரியமில்லை. ஆகவே நாற்பத்திரண்டு பேர் நாக்கையும் சேர்த்துக் கட்டினேன்.

முதல் நாளே சிக்கல். முற்றத்து மரத்திலிருந்து இறக்கிய பலாவைத் தேங்காயோடு வேகவைத்து மசிக்கும் புழுக்கு செய்வதற்காக, கேன்டீன் நடத்தும் தங்கமணி சேச்சி கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சுற்றறிக்கையோடு வந்து நின்றாள் கிளார்க் ஷைனி.

"சேச்சி, இது காயா பழமா?"

"தட்டிப் பாரு மோளே, கல்லு மாதிரி இருக்கு. காய்தான்."

"இதோட பட்டியல்ல பலா, பழத்துலதானே இருக்கு?"

பட்டியலைத் தயாரித்தவனும் அடியேன்தான். தவறை ஒப்புக்கொள்வது பதவிக்கு அழகல்ல என்பதால், மேலிடத்துக்கு விளக்கம் கேட்டுக் கோப்பு அனுப்பினேன். பலாவுக்கு சீல் வைத்து ஸ்டோர் அறையில் பூட்டினோம்.

ஒன்பதே நாளில் கோப்பு திரும்பி வந்தது. 'மேற்படி பலாவும், மேற்படி மரத்தின் ஏனைய பலாக்களும் காய் எனத் தீர்மானிக்கப்படுகின்றன.' அதற்குள் வாசனை மாடிவரை ஏறியிருந்தது.

"சாரே, பழுத்துப் போச்சு. உங்களுக்குக் கிடையாது. உங்க சுகரு எனக்குத் தெரியாதா?" என்றாள் தங்கமணி சேச்சி.

என் மனம் துள்ளிய துள்ளலை மறைப்பானேன்!

"மேலிடம் காய்ங்குது சேச்சி. பழம்னு சொல்ல நாம யாரு?"

"மூக்கு இருக்கே சாரே!"

"மூக்குக்கு ஏது கையெழுத்துப் போடுற அதிகாரம்? விதிப்படி மூணு பங்கு வை."

வைத்தாள். பட்டியல் பேசிய ஷைனியும் தட்டை நீட்டினாள். மரத்தில் இன்னும் பதினேழு இருந்தன. எல்லாம் நன்றாகப் பழுத்த பிறகே, காயாகப் பரிமாறப்பட்டன.

அடுத்த மாதம் புதுச் சீட்டைப் பார்த்த டாக்டர் ஈப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னதான் சாப்பிட்டீங்க?"

"பழத்தைத் தொடவே இல்லை டாக்டர். வெறும் காய்தான்." சாட்சிக்கு உத்தரவை நீட்டினேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். எனக்கு ஊசி எழுதினார், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சாரே, இதுல எனக்கு ஒரு நகல் கிடைக்குமா? வீட்டு மரத்துல பதினொண்ணு பழுத்து நிக்குது. எனக்கும் சுகர்தான். வீட்டுக்காரி தொட விடமாட்டேங்கிறா."