கொலைகாரன் யாருன்னு சொல்லட்டா?

போனில் படிப்பவன் படிப்பாளியே இல்லை! தியாகதுருகத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஆதிமூலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை உலகத்துக்கே அறிவித்தார். உலகம் என்றால் அவர் மனைவி ஜெயசுதா. அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள யூரியா வந்துச்சான்னு பத்து பேர் கேக்குறான். இ-ரீடர் வாங்கப் போறேன். அதுல புஸ்தகத்தத் தவிர ஒண்ணும் வராது.”

“கையில இருக்கிற போன் போதாதா? அதுலயும் அதே எழுத்துதான?”

“உனக்கு இன்னா தெரியும்? போன்ல யாராலயும் ஒரு புஸ்தகத்த முடிக்க முடியாது.”

உள்ளூர இன்னொரு ஆசையும் இருந்தது. போனைப் பிடித்தால் ‘நோண்டிக்கினு இருக்கீங்களே’ என்று வேலை சொல்கிறாள். ரீடரைப் பிடித்தால் படிக்கிறார் என்று விட்டுவிடுவாள்.

ரீடர் வந்தது. பெருந்தன்மையாக ரீடரில் திறந்த அதே கணக்கை அவள் போனிலும் போட்டுக் கொடுத்தார். ஒரு புத்தகம் வாங்கினால் இருவரும் படிக்கலாம். வாங்கியது தடித்த துப்பறியும் நாவல். பங்களாவில் கொலை. சந்தேகம் சமையல்காரன் மேல், மச்சான் மேல், டாக்டர் மேல். ஆதிமூலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“இன்னாங்க, மாடித் தொட்டியக் கழுவணும்.”

“படிச்சிக்கினு இருக்கேன்ல?”

“சரி, படிங்க. கொலை பண்ணது யாருன்னு சொல்லட்டா?”

ஆதிமூலம் துள்ளி எழுந்தார். “நீ முடிச்சிட்டியா?”

“போன் எப்பவும் கையிலயேதான இருக்குது. சோறு வேகுறதுக்குள்ள பக்கம் ஓடிடுது. அந்த ஆளு இருக்கானே...”

“சொல்லாத! தொடப்பம் எங்க?”

அந்த வாரம் வீடு பளபளத்தது. தொட்டி கழுவினார். ஒட்டடை அடித்தார். மாவு அரைத்தார். படிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. அவள் கொட்டாவி விட வாயைத் திறந்தால்கூடக் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் கடையை அடைத்துவிட்டு மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு பஸ் ஏறினார். மலையில் சிக்னல் கிடைக்காத பாறையாகப் பார்த்து உட்கார்ந்தார். அவள் போன் போட்டுப் பெயரைச் சொல்லிவிட முடியாதல்லவா? கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு ராஜா மாதிரி மலையிறங்கினார்.

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “டாக்டர்! கொலை பண்ணது டாக்டர்! இனிமே இன்னா சொல்லி மிரட்டுவ?”

ஜெயசுதாவின் முகம் வாடியது. “டாக்டரா? அய்யய்யோ, நான் மச்சான்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!”

“நீதான் முடிச்சிட்டியே?”

“எங்க முடிச்சேன்? நாலு வரி படிச்சா ஒங்கம்மா கூப்புடுறாங்க. அவங்க போன வச்சா எங்கம்மா. இப்பதான் போலீசே பங்களாக்குள்ள வருது. நீங்க சொன்னது நெஜந்தாங்க. போன்ல படிக்கவே முடியல.”

கல்யாணமானதிலிருந்து ஆதிமூலம் ஜெயித்த முதல் வாதம் இதுதான். சந்தோஷப்படுவதா, தேய்ந்த இடுப்பைத் தடவிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் ஆசையாகப் படித்த கதையைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை.

“விடு சுதா. வேற ஒண்ணு வாங்கித் தர்றேன்.”

அவள் ரீடரை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“இதவிடப் பெரிய கொலையா பாத்து வாங்குங்க. இந்தத் தபா நான் நெஜமாவே முடிச்சிடுறேன்.”