கூழ்ப் பானையோடு பாதீட்டுக் கூட்டத்துக்குப் போனேன்

பிடிவாதத்துக்கு ஒரு மருந்து இருந்திருந்தால் என் அம்மா சின்ன வயதிலேயே எனக்குப் பருக்கியிருப்பார். இல்லாதபடியால்தான் ஊரே சிரிக்கும்படி இந்தக் கூத்து நடந்தது.

எங்கள் வீடு யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையில், மாதா கோயிலுக்குக் கிட்ட இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் மாதர் சங்கம் ஒரு காரியம் தொடங்கியது. ஊர் பார்க்க வருகிறவர்களை வள்ளத்தில் ஏற்றிப் பறவைகளைக் காட்டிவிட்டு, கரையில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் கொடுப்போம். சனம் வந்தது, கூழைக் குடித்தது. குடித்த சனம் அடுத்து என்ன கேட்கும்? "ரொயிலெற் எங்கை?" கரையில் அப்படி ஒன்றும் இல்லை. கிட்டடி வீடு என்னுடையது. (கனடாவில் இருந்து வந்த ஒரு வான் நிறைந்த ஆட்கள் வரிசையில் நிற்க, என் மனுசன் தோளில் துவாயோடு கடைசி ஆளாக நின்றதை இந்தக் கண்ணால் கண்டேன்.)

அந்த வருடம் எங்கள் பிரதேச சபை, வரவு செலவுப் பாதீட்டுக்கு முதல் மக்கள் கருத்தைக் கேட்கப்போவதாக அறிவித்தது. சுற்றுலாவுக்கும் மக்கள் தொடர்புக்கும் ஒதுக்கிய காசில் சந்தியில் மின்விளக்கு வைத்த வரவேற்புப் பலகையும், வீடு வீடாகக் கொடுக்கத் துண்டுப் பிரசுரமும் என்று திட்டம். அது நிறைவேறினால் கரைக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டுக் கக்கூஸ் பொதுச் சொத்தாகவே இருக்கும். விடுவேனா?

"வாயாலை கதைச்சு ஒண்டும் நடக்காது. எங்கடை கூழைக் குடிச்சுப் பாக்கட்டும், பிறகு தெரியும்" என்றேன்.

"கூழோடை போய்ப் பட்ஜெட் கேக்கிறதோ? உனக்கென்ன விசரே?" என்றார் மனுசன்.

ஓம், விசர்தான். விடியவே எழும்பி நண்டு, இறால், கணவாய், திருக்கை எல்லாம் போட்டு ஒரு பெரிய பானை கூழ் காய்ச்சினேன். ஓட்டோவில் பானையை மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரிப் போய் இறங்கினேன்.

மண்டபத்தில் தவிசாளரும் உறுப்பினர்களும் வாடிப்போய் இருந்தார்கள். மேசையில் ஒரு தேத்தண்ணிகூட இல்லை. தவிசாளர் மட்டும் போத்தலில் கொண்டுவந்த தேசிக்காய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தபடி இருந்தார். பாவங்கள், பசியாக்கும் என்று நினைத்து நான் மூடியைத் திறந்தேன்.

ஒருவர் மூக்கைப் பொத்தினார். இன்னொருவர் யன்னல் பக்கம் திரும்பினார். நானோ கூழை ஒரு பனையோலைப் பிளாவில் வார்த்து, நண்டுக்கால் வெளியே தெரிய, தவிசாளரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "வெக்கப்படாதேங்கோ ஐயா, ஒரு வாய் குடியுங்கோ."

பக்கத்தில் இருந்த கிளாக்கர்ப் பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, கந்தசட்டி நடக்குது. எல்லாரும் விரதம்."

மாதாவே! எங்கள் பங்கில் அது கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற மாதம். மற்றவர்களுக்கு அது என்ன மாதம் என்று இந்த மொக்கு மண்டைக்குள் வரவே இல்லை. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பரவாயில்லைப் பிள்ளை, பானையை வெளியிலை வைச்சிட்டு வாங்கோ" என்றார் தவிசாளர். நல்ல மனுசன். பானையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக நடந்தேன். நிலைப்படியில் சேலை தடக்கியது. நான் வெளியே விழுந்தேன், கூழ் வாசல் முழுக்க விழுந்தது.

மண்டபத்துக்கு அது ஒன்றுதான் வாசல். மற்றக் கதவை அடைத்துப் பழைய அலுமாரிகள் நின்றன. விரதக்காரர் மீன் கூழை மிதிப்பார்களா? தண்ணீர் மோட்டரும் வேலை செய்யவில்லை. காவலாளி கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினார். ஒடியல் கூழோ பசை மாதிரி ஒட்டிக்கொண்டு அசையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போயிருப்பார்கள். நான் எழும்பி, சேலையில் ஒட்டிய இறாலைத் தட்டிவிட்டு, கூழுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசத் தொடங்கினேன். பலகையைப் பார்த்து வருகிறவர்கள் கரைக்கு வந்தால் எங்கே போவது, பெண்களும் வயதானவர்களும் எவ்வளவு நேரம் அடக்குவது, எத்தனை பேர் அதற்காகவே பாதியில் திரும்புகிறார்கள் என்று ஒன்றும் விடவில்லை.

தவிசாளர் எழும்பினார், இருந்தார், திரும்பவும் எழும்பினார். தேசிக்காய்த் தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருந்தது. மண்டபத்துக் கக்கூஸோ முற்றத்துக்கு அந்தப் பக்கம்.

"தங்கச்சி, விளங்குது" என்றார், நெற்றி வியர்க்க. "நல்லா விளங்குது. பலகையைப் பிறகு பாப்பம். கரைக்குக் கக்கூஸைப் போடுங்கோ. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. வாசல் கழுவி முடிந்ததும் அவர் ஓடிய ஓட்டத்தை நான் பார்க்காத மாதிரித் திரும்பி நின்றேன்.

கக்கூஸ் கட்டியாயிற்று. கல்வெட்டில் தவிசாளரின் பெயர் இருக்கிறது. ஊர் வாயிலோ அது என் பெயரில் 'ஜெசிந்தா கக்கூஸ்'. போன மாதம் மகளைப் பெண் பார்க்க அச்சுவேலியில் இருந்து வந்தவர்கள் சந்தியில் வழி கேட்டிருக்கிறார்கள். ஓட்டோக்காரன் ஒருவன், "ஜெசிந்தா கக்கூஸுக்குப் பக்கத்து வீடு" என்று அனுப்பிவிட்டான். மாப்பிள்ளையின் தாய் படியேறும்போதே கேட்டார், "நீங்களோ அந்த ஜெசிந்தா?"

பூமி பிளக்காதா என்று நின்றேன். "ஓம்" என்றேன்.

"தூரத்திலை இருந்து வாறம் பிள்ளை. முதல்லை அங்கை ஒருக்கால் போட்டு வாறன்."

சம்பந்தம் அந்தக் கக்கூஸ் வாசலிலேயே சரிவந்ததென்று மனுசன் காண்கிற ஆளுக்கெல்லாம் சொல்லித் திரிகிறார்.