வெளுப்புப் பானை

மனைவியின் மோதிர விரலுக்கென்று கேஷியர் செய்த மோதிரம், அவளுடைய சுண்டுவிரலுக்கே போகாது போலிருந்தது.

“தட்டுங்க சார், விரியும்,” என்றார் வெள்ளி நகை வகுப்பின் மாஸ்டர்.

தட்டினார். விரிந்தது. இப்போது கட்டைவிரலிலும் நிற்காமல் கழன்று விழுந்தது.

“கொஞ்சம் வெட்டிட்டு ஒட்டுங்க.”

வெட்டினார். தீ கக்கும் டார்ச்சை நீட்டினார். ஒட்டவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் இளகி, மோதிரம் மிதிபட்ட புழுவின் வடிவத்தை அடைந்தது.

“பரவால்ல சார், இதுவும் ஒரு டிசைன்தான்,” என்றார் மாஸ்டர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

போன மாதம் இதே வகுப்புக்கு வந்த மனைவி, இலை செதுக்கிய மோதிரம் ஒன்றை, தானே செய்ததென்று கேஷியரின் விரலில் மாட்டிவிட்டிருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். விரலின் சொந்தக்காரர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், “இதென்ன பெரிய பிரமாதம்?” என்று கேட்டுவிட்டார்.

“அப்ப நீங்க ஒண்ணு செஞ்சு காட்டுங்க. முடியலன்னா ஆயுசுக்கும் பாத்திரம் தேய்க்கிறது நீங்கதான்.”

சுட்ட வெள்ளி கறுத்துப்போகும். எல்லாருடைய மோதிரங்களையும் ஒரே அமிலப் பானையில் போட்டால், சிறிது நேரத்தில் வெளுத்து வரும். கேஷியர் தன் புழுவை எடுக்க இடுக்கியோடு பானைக்குள் எட்டிப் பார்த்தார். கோணல்மாணல்களுக்கு நடுவே, யாரோ ஒரு புண்ணியவான் செய்த மோதிரம் அம்சமாகக் கிடந்தது. இடுக்கி தானாகவே அங்கே போனது. அதைக் கழுவிக் கைக்குட்டையில் சுற்றும்போது, அதே வகுப்பில் படிக்கும் பல் டாக்டர் அம்மா பின்னால் வந்து நின்றார்.

“சார், என் மோதிரம் வெளுத்துடுச்சா?”

கேஷியர் பதறிப்போய் மோதிரத்தைப் பானைக்குள் போட்டார். தெறித்த அமிலம் புதுச் சட்டையில் ஓட்டை போட்டது.

“இதுவா மேடம் உங்களோடது?”

“ஐயோ, இவ்ளோ நல்லா எனக்கு எங்க வரும்?” துழாவிய டாக்டர், ஒன்றைத் தூக்கி முகம் மலர்ந்தார். “இதோ, என் செல்லம்!”

அது கேஷியரின் புழு.

வாயைத் திறப்பதற்குள் டாக்டர் போயே போய்விட்டார். மற்றவர்களும் ஆளுக்கொன்றை அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். பானையில் இரண்டே மிச்சம். ஒன்று அந்த அழகி. மற்றது டாக்டருடையதாக இருக்கவேண்டும். பார்த்தால் பிடுங்கிய கடைவாய்ப்பல்.

பல்லைக் கொண்டுபோய் நீட்டினால் மனைவி சிரித்தே பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். கேஷியர் அக்கம்பக்கம் பார்த்தார். அழகியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“சார், பைக்குள்ள என்ன?”

பானை கழுவ வந்த பணிப்பெண். இத்தனை வருடம் ஒரு ரூபாய் பிசகாத கேஷியர் நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

“தெரியாம எடுத்துட்டேன்மா. இல்ல... தெரிஞ்சேதான் எடுத்தேன். வீட்டுல மானம் போயிடும்மா.”

அவள் அவரையும், அவர் விரலில் இருந்த இலை மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுக்கா இப்படி வேர்க்குது? எடுத்துட்டுப் போங்க சார், அது மாஸ்டர் சாம்பிளுக்குச் செஞ்சு போட்டது. போன மாசம் உங்க வீட்டு அக்காவும் இதே இடத்துல நின்னு, இதே மாதிரி புலம்பித்தான் அந்த இலை மோதிரத்த எடுத்துட்டுப் போனாங்க.”